"சின்னப்பிள்ளை, அதுக்கு என்ன விளங்கும்?"

எங்களுடைய செத்தவீடுகளில் ஒரு வசனம் தவறாமல் காதில் விழும். "பாவம், சின்னப்பிள்ளை. அதுக்கு என்ன விளங்கும்?" என்று யாராவது ஒரு பெரியம்மா பெருமூச்சு விடுவார். பக்கத்தில் இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். அந்தப் பிள்ளையோ பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்கும். பிறகு யாராவது கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளையின் கண்முன்னாலேயே தகப்பன் இறந்திருந்தாலும் இதுதான் நடக்கிறது.

மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையான பிள்ளைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். "யுத்தம் முடிந்துவிட்டதே, இனி எதற்கு இந்தக் கதை?" என்று சிலர் கேட்கலாம். 2009 மே மாதத்தில் ஐந்து வயதாக இருந்த பிள்ளைகள் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிலும் அவர்களுக்கு மூத்தவர்களிலும் பலர் இன்று தாய்மார். ஷெல்லும் கிபிரும் இல்லாத காலத்தில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் காணக்கூடாதவற்றைக் கண்டுகொண்டுதான் இருக்கிறார்கள். வீதி விபத்து, குளத்திலும் கடலிலும் மூழ்கும் சாவு, தூக்கில் தொங்கிய உடல், யானை அடித்த காட்சி, குடித்துவிட்டு வரும் தகப்பன் தாயை அடிக்கும் இரவு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அதைக் கண்டு உயிர் தப்பிய பிள்ளைகளுக்கும் வயது அவ்வளவுதான்.

பணிஸ் கேட்ட பிள்ளை

வன்னியில் நான் வேலை செய்த ஒரு கிராமத்துக் குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நாலு வயதுப் பெண்பிள்ளை. தகப்பனோடு சைக்கிளில் கடைக்குப் போனாள். வீதியின் இந்தப் பக்கத்தில் சைக்கிளோடு அவளை நிற்கச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கடைக்குத் தகப்பன் கடக்கும்போது மணல் ஏற்றி வந்த ரிப்பர் அடித்துவிட்டது. ஆட்கள் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கும்வரை அவள் சைக்கிள் கைபிடியை விடவில்லையாம்.

வீட்டில் பெரியவர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். அப்பா கொழும்பு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மருந்து கட்டி முடிந்ததும் வருவார் என்று பிள்ளைக்குச் சொல்வதென்று. கெட்ட எண்ணத்தில் எடுத்த முடிவல்ல அது. காடாத்து நடந்தது, எட்டுச் செலவு நடந்தது, அந்தியேட்டியும் முடிந்தது. மூன்றுக்கும் பிள்ளை சித்தி வீட்டில். சுவரில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்ததையும் அம்மா பொட்டு வைக்காததையும் அவள் கண்டாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் ஐந்து மணியானால் படலையடியில் போய் நின்றாள். மெல்ல மெல்லச் சாப்பாடு குறைந்தது. படுக்கையில் சலம் போகத் தொடங்கியது. வீதியில் ரிப்பர் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். பாணோ பணிசோ கண்ணில் காட்டினால் சத்தி எடுப்பாள். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். பயந்திருக்கிறாள் என்று நூலும் கட்டினார்கள்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது இரண்டு மாதமாகியிருந்தது. தாய்க்கு இருபத்தாறு வயது. முதல் மூன்று சந்திப்புக்களில் அவர் பிள்ளையைப் பற்றிக் கதைத்ததைவிடத் தன்னைப் பற்றிக் கதைத்ததே கூட. 2009 இல் அவருக்குப் பத்து வயது. பங்கருக்குள் தன் தம்பி இறந்ததை அருகில் இருந்து பார்த்தவர். "எனக்கும் அப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. தம்பியை எங்க தாட்டவை எண்டு இப்பவும் தெரியாது" என்றார். தனக்குச் சொல்லப்படாததைத் தன் பிள்ளைக்குத் தானே சொல்ல வேண்டும் என்ற முடிவுக்கு அவராகவே வந்தார்.

ஒரு காலை, தலை இழுத்துவிடும்போது சொன்னார். என்ன சொல்வது என்று இருவரும் முன்கூட்டியே கதைத்து வைத்திருந்தோம். "பிள்ளை, அப்பா இனி வரமாட்டார். ரிப்பர் அடிச்சதில அப்பாவின்ர உடம்பு சரியாக் காயப்பட்டுப் போச்சு. டொக்டர்மார் சுகப்படுத்தப் பார்த்தவை, ஏலாமப் போச்சு. அப்பா செத்துப் போயிட்டார். ஆஸ்பத்திரியில இருக்கிறார் எண்டு நாங்கள் சொன்னது பிழை. அம்மாவுக்குச் சொல்லப் பயமா இருந்தது."

பிள்ளை கனநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னது இதுதான்: "நான் பணிஸ் கேட்டனான்."

இரண்டு மாதம் இந்த ஒரு வசனத்தைத்தான் அவள் தனியே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். தான் பணிஸ் கேட்டதால் அப்பா வீதியைக் கடந்தார், அதனால் அடிபட்டார், அதனால் வீட்டில் எல்லோரும் தன்னைக் கண்டதும் கதையை நிறுத்துகிறார்கள். நாலு வயது மூளை போட்ட கணக்கு அது. பிழையான கணக்கு, ஆனால் கணக்கு. வீட்டில் எவரும் உண்மையைக் கதைக்காதவரை அதைத் திருத்தவும் எவராலும் முடியவில்லை.

"பணிஸ் கேட்டு ஒருத்தரும் சாகிறேல்லை. ரிப்பர் வேகமா வந்ததாலதான் அப்பா செத்தவர். உன்னில பிழை இல்லை" என்று தாய் சொன்னார். ஒருமுறை அல்ல, பிறகு வந்த கிழமைகளில் எத்தனையோ முறை. அடுத்த நாளே பிள்ளை "அப்பா நாளைக்கு வருவாரோ?" என்று கேட்டதும் தாய் உடைந்துபோனார், சொன்னது வீணாகிவிட்டதென்று. அது வீணல்ல. ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சாவு என்பது திரும்பிவராதது என்ற விளக்கம் இன்னும் முழுமையாக வந்திருக்காது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரே மறுமொழியைத் திரும்பத் திரும்பப் பெற்றுத்தான் அதைக் கற்கும். பிறகொருநாள், "அப்பாவை எரிக்கேக்க நொந்ததோ?" என்று கேட்டாள். யாரோ ஒரு பெரிய பிள்ளை சொல்லியிருக்க வேண்டும். "செத்த உடம்புக்கு நோகாது, சுடாது, பசிக்காது" என்றார் தாய். இதைவிட நல்ல மறுமொழி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்பேன்.

படுக்கையில் சலம் போவது நிற்க இன்னும் மூன்று மாதம் எடுத்தது. ரிப்பர் சத்தத்துக்கு இப்போதும் திடுக்கிடுவாள், ஆனால் கட்டிலுக்குக் கீழே போவதில்லை. தாயிடம் வந்து நிற்பாள்.

சொற்களில் கவனம்

பொய் சொல்லக்கூடாது என்றால், எல்லாவற்றையும் விபரமாகச் சொல்ல வேண்டும் என்று அர்த்தமில்லை. இரத்தம், காயம் பற்றிப் பிள்ளை கேட்டால் கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக மறுமொழி சொல்லுங்கள். ஆனால் நாங்கள் மென்மையாக இருக்கட்டும் என்று பயன்படுத்தும் சில சொற்கள் பிள்ளைக்கு வேறுவிதமாகப் படும். "அப்பா நித்திரை" என்று சொன்னால் பிள்ளை நித்திரைக்குப் பயப்படும். அம்மா பகலில் கண்ணயர்ந்தாலும் தட்டி எழுப்பும். "கடவுள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்" என்றால், அடுத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவாரோ என்று கோயிலுக்கு வர மறுக்கும். "வெளிநாடு போய்விட்டார்" என்பது எங்கள் ஊர்களில் இன்னும் மோசமான பொய். ஏனென்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அப்பா உண்மையாகவே வெளிநாட்டில் இருக்கிறார். பின்னேரத்தில் வட்ஸ்அப்பில் முகம் காட்டிக் கதைக்கிறார். எங்கள் பிள்ளையும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்பாவுக்குத் தன்னில் விருப்பமில்லை, அதனால்தான் எடுக்கவில்லை என்றும் நினைக்கும். "செத்துப் போய்விட்டார்" என்ற சொல் எங்களுக்குக் கடுமையாக இருக்கிறது. பிள்ளைக்கு அது தெளிவாக இருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இது வேறு மாதிரி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டப் பந்தலில், அம்மம்மாவின் மடியில் இருந்துகொண்டு மாமாவின் படத்தைப் பிடித்திருந்த பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். "மாமா எங்கே?" என்று அந்தப் பிள்ளை கேட்டால், இறந்துவிட்டார் என்றோ வருவார் என்றோ சொல்ல எவராலும் முடியாது. "எங்களுக்குத் தெரியாது. அம்மம்மா தேடுகிறா" என்பதுதான் உண்மை. தெரியாது என்று சொல்வதும் உண்மை சொல்வதுதான்.

செத்தவீட்டில் பிள்ளையை வைத்திருக்கலாமா என்று கேட்பார்கள். பிள்ளை விரும்பினால், அதற்குப் பழகிய ஒருவர் முழுநேரமும் கூடவே இருக்க முடியுமானால், வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. வெளியே கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டால் உடனே கூட்டிப்போக வேண்டும். முகத்தில் முத்தம் கொடு, வாய்க்கரிசி போடு என்று வற்புறுத்துவது மட்டும் வேண்டாம்.

விளையாட்டைக் குழப்பாதீர்கள்

நான் சொன்ன பிள்ளை ஒரு மீன்ரின்னைக் கயிற்றில் கட்டி இழுத்து ரிப்பர் ஆக்கினாள். நெருப்புப்பெட்டி அப்பா. ரின் வந்து பெட்டியில் மோதும். மீண்டும் மோதும். அம்மம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ரின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டா. முகாம்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் மண்ணில் பங்கர் வெட்டினார்கள், ஷெல் அடித்து விளையாடினார்கள், காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாயால் சொல்லத் தெரியாததைக் கையால் சொல்கிறார்கள். பெரியவர்கள் செத்தவீட்டில் ஒரே சம்பவத்தை வருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதில்லையா? அதே வேலைதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாட்கள் போகப்போக விளையாட்டு மாறினால் நல்லது. அம்புலன்ஸ் வரும், பொலிஸ் வரும், யாராவது காப்பாற்றுவார்கள். கிழமைக்கணக்கில் ஒரே மாதிரி, சிரிப்பில்லாமல், மோதல் மட்டும் நடந்துகொண்டிருந்தால் பிள்ளை அந்த இடத்தில் அகப்பட்டு நிற்கிறது. அப்போது பக்கத்தில் போய் இருந்து, "இப்ப ஆர் உதவிக்கு வருவினம்?" என்று கேட்கலாம். மறுமொழி வராவிட்டால் பரவாயில்லை. நாளைக்கும் பக்கத்தில் இருங்கள்.

மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இந்த அறிவின் மேல்தான் நின்றது. அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்து, களிமண், வர்ணம், கதை, நாடகம் என்று விட்டார்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று எவரும் விசாரிக்கவில்லை. அப்படி ஒரு பூங்கா எல்லா ஊரிலும் இல்லைத்தான். ஈரமண்ணும், பழைய கொப்பியும், உடைந்த வர்ணப் பென்சிலும் இல்லாத ஊரும் இல்லை.

விசாரிப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பிள்ளையை முன்னால் நிறுத்தி, "நீ கண்டனியோ? சொல்லு பாப்பம்" என்று கேட்கிறார்கள். உத்தியோகத்தர் கேட்கிறார், அயலவர் கேட்கிறார், தொலைபேசியோடு வருகிற செய்திக்காரர் கேட்கிறார். நடந்ததை உடனடியாகச் சொல்லவைத்தால் பாரம் குறையும் என்று முன்னொரு காலத்தில் உளவளத்துணையாளர்களும் நம்பினார்கள். வற்புறுத்திச் சொல்லவைப்பது உதவாது, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பது இப்போது தெரிந்த விடயம். 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும், சம்பவத்தைச் சொல்லும்படி எவரையும் நெருக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பிள்ளை தானாகச் சொன்னால் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். வருகிறவர்கள் கேட்டால், "பிள்ளையிட்டைக் கேட்காதேங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் எடுத்த வீடியோ முகநூலில் திரியும். அதைப் பிள்ளையின் கண்ணில் படாமல் வைத்திருப்பதும் இந்தக் காலத்தில் சேர்ந்துகொண்ட வேலை.

அமைதியான பிள்ளை

அழுகிற, கடிக்கிற, தம்பியை அடிக்கிற பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். "நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை" என்று பேர் வாங்கிய பிள்ளையைத்தான் நான் கூடக் கவனிப்பேன். முன்பள்ளியில் ஒரு மூலையில் இருக்கும், சொன்னதைச் செய்யும், சிரிக்காது, எவரோடும் சேராது. அம்மா ஏற்கனவே அழுதுகொண்டிருக்கிறா, நானும் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று நாலு வயதிலேயே தீர்மானித்த பிள்ளையாக அது இருக்கலாம். வேறு சிலர் நின்ற வயதிலிருந்து பின்னுக்குப் போவார்கள். விரல் சூப்புவார்கள், மழலை கதைப்பார்கள், தூக்கச் சொல்வார்கள், கக்கூசுக்குக் கூடத் தாயைத் தனியே போக விடமாட்டார்கள். காரணம் தெரியாத வயிற்றுவலி, தலையிடி வரும். இவை எதற்கும் அடியும் ஏச்சும் மருந்தல்ல. படுக்கையை நனைத்த பிள்ளையை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கப்படுத்துவது எங்கள் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அது நனைவதை இன்னும் நாளுக்கு இழுக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாள் ஒரு ஒழுங்கில் போவது பெரிய ஆறுதல். அதே நேரத்துக்கு எழும்புதல், அதே கோப்பையில் தேத்தண்ணீர், முன்பள்ளி, பின்னேரக் குளிப்பு, படுக்கைக்கு முன் ஒரு கதை. வீடே குலைந்து கிடக்கும்போது நாளைக்கு என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே போகும்போது ஒளித்துப் போகாமல், "சந்தைக்குப் போறன், மதியம் சோறு தின்ன வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். இரவில் திடுக்கிட்டு எழும்பினால் விளக்கைப் போட்டு, "இது எங்கட வீடு, அம்மா பக்கத்தில இருக்கிறன்" என்று சொன்னால் போதும். பயத்தில் மூச்சு வாங்கும் பிள்ளைக்கு மெல்ல மூச்சு விடப் பழக்க, பப்பாசிக் குழலில் சவர்க்கார நுரை ஊதுவதைவிடச் சுகமான வழி இல்லை. பெரிய குமிழி வர வேண்டுமென்றால் மெதுவாகத்தான் ஊத வேண்டும்.

திருநீறு போடுவதையோ, நூல் கட்டுவதையோ, தேவாலயத்தில் செபிப்பதையோ நான் குறை சொல்லமாட்டேன். தனக்காகப் பெரியவர்கள் ஏதோ செய்கிறார்கள் என்பதைப் பிள்ளை உணர்கிறது. பேய் ஓட்டுகிறோம் என்று அடிப்பதும் புகை போடுவதும் வேறு. அதற்கு விடாதீர்கள்.

தாயின் முகம்

இரண்டாம் உலகப் போரில் லண்டன் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, அன்னா பிராய்ட் என்பவர் அங்கே சிறுவர் காப்பகங்களை நடத்தினார். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிவதே சிறுபிள்ளைகளைக் கூடப் பாதித்தது என்று அவர் எழுதினார். தாய் நிதானமாக இருந்தால் பிள்ளையும் ஓரளவு நிதானமாக இருந்தது. தாயின் நடுக்கம் பிள்ளைக்கும் தொற்றியது. பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்திருந்த எங்கள் தாய்மாருக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இதைச் சொல்லும்போது தாய்மார் தங்களையே குற்றம் சொல்லத் தொடங்குவார்கள். அதற்காக எழுதவில்லை. அழுகை வந்தால் பிள்ளைக்கு முன்னால் அழலாம். "அப்பாவை நினைச்சு அம்மா அழுகிறன். உன்னில கோவம் இல்லை. கொஞ்ச நேரத்தில சரியாயிடும்" என்ற மூன்று வசனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளை தானாக ஒரு காரணம் கண்டுபிடிக்கும், அது பெரும்பாலும் தன்னுடைய பிழையாகவே இருக்கும். ஒரு நாளில் அரை மணித்தியாலமாவது பிள்ளையைச் சகோதரியிடமோ அயலிலோ விட்டுவிட்டு நீங்கள் யாரிடமாவது மனம்விட்டுக் கதையுங்கள். நான் சொன்ன தாய் தன் தம்பியைப் பற்றிக் கதைத்த பிறகுதான் மகளோடு கதைக்க அவருக்கு வாய் வந்தது.

வீட்டு அடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வடக்கு கிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தி 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, யுத்தமும் சுனாமியும் மட்டுமல்ல, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் பிள்ளைகளின் உளப்பாதிப்போடு தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. தகப்பனின் குடி அந்த வன்முறையோடு சேர்ந்தே இருந்தது. வெளியில் ஒரு கொடுமையைக் கண்ட பிள்ளைக்கு வீட்டிலும் அடி விழுந்தால் ஆறுவதற்கு இடமில்லை. தாய் அடிவாங்குவதைக் காண்பதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு சம்பவம்தான்.

எப்போது, எங்கே போவது

அன்பும் ஒழுங்கும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் சில கிழமைகளில் மெல்லத் தேறிவருவார்கள். ஒரு மாதம் கடந்தும் நித்திரையும் சாப்பாடும் திருந்தாவிட்டால், பேச்சு நின்றுவிட்டால், விளையாட்டே இல்லாவிட்டால், தன்னைத் தானே அடித்துக் காயப்படுத்தினால், "நானும் அப்பாட்டைப் போகப் போறன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் காட்டத்தான் வேண்டும். கடைசி இரண்டுக்கும் ஒரு மாதம் பார்த்திருக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் வழிகாட்டுவார். ஆதார வைத்தியசாலைகளிலும் மாவட்ட வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. "விசர் ஆஸ்பத்திரிக்குப் போறாள்" என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். சின்னப்பிள்ளைக்கு அங்கே கொடுப்பது பெரும்பாலும் விளையாட்டும் கதையும்தான், தாய்க்கு ஆலோசனை. உளநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ அடி, துன்புறுத்தல் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் நேரே போகலாம்.

போகும்போது ஒரு கொப்பித் தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: சம்பவம் நடந்த திகதி, பிள்ளை எங்கே நின்றது, எதைக் கண்டது, அதற்குப் பிறகு பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள், எப்போதிருந்து எது மாறியது. பிள்ளைக்கு முன்னால் இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, தாளை நீட்டினால் போதும். எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று பிள்ளைக்கு முதல்நாளே சொல்லி வையுங்கள். ஊசி போடமாட்டார்கள் என்பதையும் சேர்த்து.